இரட்டைக் கதவுக்காரர்

கல்லறைத் தோட்டத்தில் ஓர் ஆள் கைத்தடியை வைத்துத் தரையை அளந்துகொண்டிருந்தால் பார்க்கிறவர்கள் சும்மா போவார்களா? எல்பர்ட் நான்ஸ், மனைவி வெர்டியின் கல்லறைக் கல்லுக்குப் பக்கத்தில் குனிந்து, தன் நீளத்துக்கு இடம் வருமா என்று தடியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"எதுக்கு அத்தான் கஷ்டப்படுறீங்க? படுத்துப் பாத்துட்டா தெரிஞ்சிடுமே."

யூலா. வெர்டியின் சித்தப்பா மகள். கல்யாணம் செய்துகொள்ளாதவள். பக்கத்துச் சபையில் பியானோ வாசிப்பதும், யார் சேர்ந்தார்கள், யார் விலகினார்கள் என்று பெயர் எழுதிவைப்பதும் அவள்தான். கையில் வெர்டிக்காகக் கொண்டுவந்த மஞ்சள் பூக்கள்.

"புல்லு எவ்வளவு வளந்திருக்குன்னு பாத்தேன்" என்றார் எல்பர்ட், நிமிர்ந்து.

"புல்லத் தடியால அளக்குற ஆள இந்த அலபாமாவுலயே இப்பத்தான் பாக்குறேன்."

எதற்கு அளந்தார் என்பதை எல்பர்ட் சொல்லவில்லை. சொல்ல மாட்டார். ஐம்பது வருடம் கோவேறு கழுதை வியாபாரம் செய்தவர். அந்தத் தொழிலில் அவர் கற்றதெல்லாம் ஒன்றுதான்: தனக்கு என்ன வேண்டும் என்பதை முதலில் வாயைத் திறந்து சொல்லக்கூடாது. சந்தைக்குப் போவார், பேனாக்கத்தியை எடுத்து ஒரு குச்சியைச் சீவுவார், வானத்தைப் பார்ப்பார், பருத்தியைப் பற்றிப் பேசுவார், எதிராளியின் மனைவிக்கு முட்டிவலி எப்படி என்று விசாரிப்பார். பொழுது சாய்வதற்குள் எதிராளியே பொறுமையிழந்து, "அட, அந்தக் கழுதையத்தான் ஓட்டிட்டுப் போயேன்ப்பா" என்று கயிற்றைக் கையில் திணிப்பான். டிராக்டர் வந்து கழுதை வியாபாரம் படுத்துவிட்டது. பழக்கம் மட்டும் படுக்கவில்லை.

அவருக்கு இப்போது வேண்டியது வெர்டிக்குப் பக்கத்தில் ஓர் இடம். டாக்டர் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, "அறுவடை முடியட்டும்னு எதையும் தள்ளிப்போடாதீங்க" என்று சொல்லியிருந்தார். வேறொருவராக இருந்தால் இது ஒரு சிக்கலே இல்லை. ஆனால் எல்பர்ட் இரட்டைக் கதவுக்காரர். வெர்டி கிடப்பதோ ஒற்றைக் கதவு மண்ணில்.

பெத்தாபரா பாப்டிஸ்ட் சபை, மரக்கிளைகளை வெட்டிப் பந்தல் போட்டு ஆரம்பித்தது. பிறகு மரக்கட்டை வீடு. பிறகு பலகைக் கட்டடம், முன்புறத்தில் இரண்டு கதவுகள். வலது கதவு ஆண்களுக்கு, இடது கதவு பெண்களுக்கு. உள்ளேயும் நடுவில் ஒரு தடுப்பு. எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, யூலாவின் அப்பா ஆசா கல்யாணம் செய்துகொள்ளும்வரை. புது மாப்பிள்ளை ஆசா, அடுத்த ஞாயிற்றுக்கிழமை மனைவியின் கையைப் பிடித்தபடி படியேறினார். மேலே வந்ததும் விட வேண்டிய கையை விடவில்லை. அவளையும் கூட்டிக்கொண்டு ஆண்கள் கதவு வழியாகவே உள்ளே போய், ஆண்கள் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டார்.

அன்றைக்குப் பிரசங்கம் நடக்கவில்லை. வாக்கெடுப்புத்தான் நடந்தது. பாப்டிஸ்டுகளுக்கு மேலே பிஷப் கிடையாது, எல்லாவற்றுக்கும் கைதூக்குவதுதான். தோற்ற பாதிப்பேர், சாலைக்கு எதிர்ப்புறம் ஆசா கொடுத்த நிலத்தில், கல்லறைத் தோட்டத்தை ஒட்டி, ஒரே ஒரு கதவு வைத்துப் புதுச் சபை கட்டினார்கள். பெயர்ப்பலகையில் 'புதிய பெத்தாபரா' என்று எழுதியிருக்கும். ஊர் வாயில் அது ஒற்றைக் கதவு; பழையது இரட்டைக் கதவு.

எதிரெதிரே இரண்டு கடை வந்தால் இரண்டிலும் வியாபாரம் சூடுபிடிக்கும். இவர்கள் மணி தொங்கவிட்டால் அவர்கள் கோபுரம் எழுப்பினார்கள். அவர்கள் வெள்ளையடித்தால் இவர்கள் செங்கல் வைத்தார்கள். பருத்தி வேலை ஓய்கிற ஆகஸ்டு மாதத்தில் இரண்டு பக்கமும் எழுப்புதல் கூட்டம். யார் பக்கம் அதிகம் பேர் மனந்திரும்பினார்கள் என்று பஞ்சாலை வாசலில் பேச்சு. ஞானஸ்நானம் ஒரே ஓடையில்தான். இரட்டைக் கதவுக்காரர்கள் மேலே முக்குவார்கள், ஒற்றைக் கதவுக்காரர்கள் கீழே. மேலே கழுவிவிட்ட பாவமெல்லாம் எங்கள் பக்கம்தான் வருகிறது என்பது கீழ்ப்பக்கத்தாரின் நிரந்தரப் புகார்.

இரண்டு சபையும் சண்டையில்லாமல் ஒத்துக்கொண்டது ஒரே ஒரு விதியைத்தான்: கல்லறைத் தோட்டத்தில் மேல்பாதி பழைய சபைக்கு, கீழ்ப்பாதி புதிய சபைக்கு, அவரவர் பாதியில் அவரவர் சபையில் பெயருள்ளவர்கள் மட்டும்.

வெர்டி தாய்தகப்பன் இல்லாமல் வேறு மாவட்டத்திலிருந்து ஆசா சித்தப்பா வீட்டுக்கு வந்து வளர்ந்தவள். கல்யாணமான மறுநாள் ஞாயிறு. எல்பர்ட் வண்டியை ஓட்டிவந்து இரண்டு சபைக்கும் நடுவில், நட்டநடுச் சாலையில் நிறுத்தினார். இரண்டு பக்கமும் மணி அடித்துக்கொண்டிருந்தது. மனைவி கணவனின் சபைக்கு வருவதுதான் வழக்கம். ஆனால் வளர்த்தவர் சபையை விட்டு வா என்று எப்படிக் கேட்பது? அவளாக வரட்டும் என்று அவர் அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள். கழுதை இரண்டு பேரையும் பார்த்தது. கடைசியில் வெர்டி இறங்கி, சக்கரத்துக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் தொப்பியைச் சரிசெய்தபடி நின்றுவிட்டு, ஒற்றைக் கதவை நோக்கி நடந்தாள்.

அதன்பிறகு நாற்பது வருடம் அப்படியே. வண்டி போய் லாரி வந்தது. நடுச்சாலையில் நிறுத்துவது மட்டும் மாறவில்லை. முடிந்ததும் லாரிக்குப் பக்கத்தில் சந்தித்துக்கொள்வார்கள். "உங்க ஆளு இன்னைக்கு நரகத்தப் பத்தியா? ரோடு வரைக்கும் கேட்டுச்சு" என்பாள் வெர்டி. "உங்க ஆளு சத்தமே காணோம். தூங்கிட்டாரா?" என்பார் எல்பர்ட். அதற்குமேல் சபையைப் பற்றி அந்த வீட்டில் பேச்சே கிடையாது.

போன குளிர்காலத்தில் அவள் போய்விட்டாள். சித்தப்பா ஆசாவுக்குப் பக்கத்தில் குழி வெட்டினார்கள். எல்பர்ட் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தனக்கும் பக்கத்தில் ஓர் இடம் வேண்டும் என்று அன்றும் கேட்கவில்லை.

ஆக, தடியால் அளந்து இடம் சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு, அவர் தனக்குத் தெரிந்த வழியில் பேரத்தைத் தொடங்கினார். ஒற்றைக் கதவின் தலைமை டீக்கன், அதாவது சபைக் காரியங்களை முன்னின்று நடத்துகிறவர், ஹார்லன் ஸ்டப்ஸ். பஞ்சாலை வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஹார்லனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கத்தியை எடுத்துக் குச்சியைச் சீவினார். பருத்தி விலை பேசி, காய்ப்புழு பேசி, ஹார்லனின் மாமியாரைப் பற்றிப் பேசி முடித்துவிட்டுச் சொன்னார்:

"கல்லறையில உங்க கீழ் வரிசை மண்ணு நல்ல மண்ணு, ஹார்லன்."

"எதுக்கு நல்ல மண்ணு?"

"சும்மா சொன்னேன். தண்ணி நிக்காது. இறுகின மண்ணு."

"நிக்காதுதான்."

"எங்க மேல் பக்கம் காத்து நல்லா வரும்."

"செத்தவனுக்குக் காத்து எதுக்கு எல்பர்ட்டு?"

"இல்ல, யாராவது மாத்திக்கலாம்னு நெனச்சா..."

ஹார்லன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "யாரு நெனைக்கிறா?"

"யாரும் நெனைக்கல."

யாரும் நினைக்காத ஒரு விஷயத்துக்காக எல்பர்ட் நான்ஸ் ஒரு மத்தியானத்தையே செலவழிக்க மாட்டார் என்பது ஹார்லனுக்குத் தெரியும். இந்த ஆளிடம் ஒருமுறை குருட்டுக் கழுதையை வாங்கியவர் அவர். நேராகச் சபைக்குப் போய், இரட்டைக் கதவுக்காரர்கள் நம் கீழ்ப்பாதியை அமுக்கப் பார்க்கிறார்கள் என்று சொல்லிவிட்டார். புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் கைதூக்கினார்கள். வியாழக்கிழமை காலையில் கீழ்ப்பாதியின் வாசலில் சங்கிலியும் பூட்டும் தொங்கின.

சாவி யூலாவிடம். எல்பர்ட் அவள் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"வாங்க அத்தான். என்ன வேணும்?"

"இந்தப் பக்கமா வந்தேன். கோழியெல்லாம் முட்டை போடுதா?"

"போடுது. முட்டை வேணுமா?"

"வேணாம். கல்லறைப் பக்கம் புல்லு ஜாஸ்தியா..."

"அத்தான்." யூலா இடுப்பில் கைவைத்தாள். "என்ன வேணும்னு ஒரு தடவ நேரா வாயத் தொறந்து கேளுங்க. கேட்டாத் தர்றேன். கேக்காம ஒண்ணும் கெடைக்காது."

எல்பர்ட் தொப்பியைத் தொட்டுவிட்டுத் திரும்பி நடந்தார். சாவியில்லாமலேயே. அன்றிலிருந்து சங்கிலிக்கு இப்பால் நின்றுதான் மனைவியைப் பார்த்தார். மழைக்கு அவள் கல்லில் பச்சை படியத் தொடங்கியிருந்தது. துடைக்கக் கை எட்டவில்லை.

இதற்கிடையில் அந்த வருடம் பெத்தாபராவுக்கு நூறாவது வருடம். விழா நாளில் ஊரைவிட்டுப் போனவர்களெல்லாம் திரும்பி வருவார்கள். இரண்டு சபைக்கும் பொதுவான ஓக் மரத்தடியில் பலகை போட்டு, தனித்தனிப் பந்தியாக விருந்து. சபை வளர்ந்த சரித்திரத்தை வாசிக்க வேண்டியவர் இரட்டைக் கதவின் தலைமை டீக்கன் எல்பர்ட். பிரிவினைபற்றி அவர் எழுதிவைத்திருந்தது ஒரே வரி: 'பின்னர் உட்காரும் விஷயத்தில் சிறு கருத்து வேறுபாடு ஏற்பட்டது.'

அவர் சபையின் புதுப் போதகர் பிரதர் கிளீட்டஸ் வந்தார். பர்மிங்ஹாமில் படித்து முடித்த கையோடு வந்த இளைஞர். எதையும் பரிசுத்த ஆவியின் செயலாகப் பார்க்கிற வயது.

"சரித்திரம் முடிஞ்சுதா பிரதர் எல்பர்ட்?"

எல்பர்ட் குச்சியைச் சீவினார். இரண்டு சபையும் ஒன்றாகிவிட்டால் கல்லறையும் ஒன்றாகிவிடும் என்று அவருக்கு அப்போதுதான் தோன்றியது.

"எதிர்ப்பக்கத்துலயும் கோழி நல்லாத்தான் பொரிக்கிறாங்க" என்றார்.

"புரியல."

"ஒரே மரத்தடி. ரெண்டு பந்தி எதுக்குன்னு யாராவது கேட்டா என்ன சொல்றதுன்னு யோசிச்சேன்."

பிரதர் கிளீட்டஸின் கண்கள் கலங்கிவிட்டன. "இது உங்க வார்த்தையில்ல பிரதர். மேலேருந்து வந்த வார்த்தை. ஐம்பது வருஷ மதில் இடிஞ்சு விழப்போகுது!"

மதில் விழவில்லை. சபைக் கூட்டம் கூடியது. பெண்கள் பின்னறையில் விருந்துக்குத் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஒற்றைக் கதவுக்காரர்களை விருந்துக்கு அழைப்பது என்று எல்லோரும் கைதூக்கினார்கள். அங்கேயே ஜெபம் பண்ணிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். விஸ்டர் ஹாப்ஸ் என்பவர் எழுந்தார். விளக்குத் திரியிலிருந்து பிரசங்கத்தின் நீளம்வரை எதற்கும் திருத்தம் கொண்டுவருகிறவர்.

"விருந்துக்கு முன்னால ஆராதனைக்கு வருவாங்கல்ல? எந்தக் கதவு வழியா வருவாங்க?"

"கதவு வழியாத்தான் வருவாங்க, விஸ்டர்" என்றார் ஒருவர்.

"நம்ம முன்னோர் ஆம்பளைக்கு ஒண்ணு, பொம்பளைக்கு ஒண்ணுன்னு வச்சாங்க. ஜோடி ஜோடியா ஒரே கதவுல நொழஞ்சா, அவங்க ஜெயிச்சதா ஆயிடாதா?"

"நாமளே அந்த வழக்கத்த விட்டு எத்தனையோ வருஷமாச்சே. என் பொண்டாட்டி என் பக்கத்துலதான உக்கார்றா?" என்றார் அவர்.

"அதான் சொல்றேன். நூறாவது வருஷம். முன்னோருக்கு மரியாதையா அன்னைக்கு ஒரு நாள் பிரிஞ்சு உக்காருவோம். தடுப்பையும் திரும்ப வைப்போம்."

வழிமொழிந்தார்கள். தலைவர் நாற்காலியில் எல்பர்ட். எனக்கு இது வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நின்றிருக்கும். எதிராளியே இறங்கிவருவான் என்று காத்திருந்தார். யாரும் இறங்கவில்லை. கைகள்தான் ஏறின.

பின்னறைக் கதவு திறந்தது. விஸ்டரின் மனைவி கையில் ஈரத் துண்டோடு நின்றாள்.

"எந்தத் தடுப்ப வைக்கப் போறீங்க?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரட்டைக் கதவின் பெண்கள், கேக் தட்டும் குழந்தைகளுமாகச் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தார்கள். அதற்கடுத்த ஞாயிறு, ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று யோசித்துப் பார்த்த கணவர்கள், ஒவ்வொருவராகத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பின்னால் போனார்கள். இரட்டைக் கதவில் பிரதர் கிளீட்டஸ், எல்பர்ட், விஸ்டர், இன்னும் சில மனைவியில்லாத ஆண்கள் மட்டும் மிஞ்சினார்கள். தடுப்புக்கு இந்தப் பக்கம் ஆட்கள், அந்தப் பக்கம் காற்று.

ஒற்றைக் கதவு வரலாறு காணாத வளர்ச்சி கண்டது. ஜன்னல் திண்டில்கூட ஆள். ஹார்லன் எழுந்து, கர்த்தர் நம் எல்லையை விரிவாக்கியிருக்கிறார், நாமும் கட்டடத்தை விரிவாக்க வேண்டும் என்றார். பின்புறம் ஞாயிறு பள்ளிக்கு அறைகள். கைதூக்கினார்கள்.

மறுநாள் எல்பர்ட் சங்கிலிக்கு இப்பால் வந்து நின்றபோது, கல்லறையின் காலி வரிசை நெடுக, சிவப்புத் துணி கட்டிய குச்சிகள் நட்டிருந்தன. கடைசிக் குச்சி வெர்டியின் கல்லுக்குப் பக்கத்தில், அவர் தடியால் அளந்த இடத்தின் நட்டநடுவில். அவர் நெஞ்சு இரண்டு தடவை அடித்து, ஒரு தடவை விட்டது. சங்கிலியைப் பிடித்துக்கொண்டார்.

ஹார்லனைத் தேடிப் போனார். குச்சி சீவக்கூடப் பொறுமையில்லை.

"அந்த எடம் கட்டடத்துக்கு ஆகாது ஹார்லன். அஸ்திவாரம் நிக்காது."

"ஏன் நிக்காது? இறுகின மண்ணு, தண்ணி தேங்காதுன்னு நீதான சொன்ன? ஒரு பெரிய வியாபாரி சொல்றானேன்னு உன் வார்த்தைய நம்பித்தான் அங்க குச்சி நட்டோம்."

எல்பர்ட் மண்ணைப் பற்றிய பேச்சை விட்டார். பிறகு, "எல்லாம் காலியாவா கெடக்கு?" என்றார்.

"எங்க சபை ஆளு யாராவது எடம் கேட்டு வச்சிருந்தா அந்தக் குச்சியப் புடுங்கி உள்ள நட்டிருப்போம். யாரும் கேக்கல. வர்ற திங்கக்கெழம தோண்டுறோம்."

திங்கட்கிழமைக்கு முந்தைய நாள்தான் நூறாவது வருட விழா.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்பர்ட் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, சரித்திரத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, லாரியை ஓட்டிவந்து நடுச்சாலையில் நிறுத்தினார். இரண்டு மணியும் அடித்துக்கொண்டிருந்தன. இரட்டைக் கதவின் படியில் பிரதர் கிளீட்டஸ் தனியாக நின்று கையசைத்தார். எல்பர்ட் பக்கத்து இருக்கையைப் பார்த்தார். அந்த இடத்தில் ரெக்சின் இன்னும் பள்ளமாக இருந்தது.

தன் பக்கத்துக் கதவைத் திறக்கவில்லை. இருக்கையில் நகர்ந்து நகர்ந்து, வெர்டியின் பக்கத்துக் கதவைத் திறந்து இறங்கினார். சக்கரத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் நின்றார். பிறகு ஒற்றைக் கதவை நோக்கி நடந்தார்.

உள்ளே பாட்டு நின்றுவிட்டது. உட்கார இடமில்லை. பியானோவுக்குப் பக்கத்து முதல் பெஞ்சில் மட்டும், ஜன்னலில்கூட ஆள் உட்கார்ந்திருந்த அந்தச் சபையில், ஓர் ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது. யூலா அங்கே வைத்திருந்த பாட்டுப் புத்தகங்களை எடுத்துவிட்டாள். எல்பர்ட் உட்கார்ந்தார்.

பிரசங்கம் முடிந்து, மனந்திரும்புகிறவர்கள், சபையில் சேர விரும்புகிறவர்கள் முன்னே வரலாம் என்று ஒற்றைக் கதவின் போதகர் அழைப்புக் கொடுத்தார். அழைப்புப் பாட்டைப் பாடினார்கள். ஒரு சரணம். யாரும் வரவில்லை. இன்னொரு சரணம். விருந்து ஆறுகிறதே என்று பின்வரிசை நெளிந்தது. பாட்டு முடிந்துவிட்டது, யூலா நிறுத்தவில்லை, முதல் சரணத்தையே மறுபடியும் ஆரம்பித்தாள். அவள் எல்பர்ட்டைப் பார்க்கவும் இல்லை. கட்டைகளையே பார்த்து வாசித்தாள்.

எல்பர்ட் எழுந்து முன்னே போனார்.

"பிரதர் எல்பர்ட்," என்றார் போதகர், நம்ப முடியாமல். "என்ன வேண்டி வந்திருக்கீங்க?"

எல்பர்ட்டின் கை தானாகக் கோட்டுப்பைக்குள் போனது. கத்தி இருந்தது. சீவுவதற்குக் குச்சி இல்லை. கையை வெளியே எடுத்தார்.

"எனக்கு வெர்டிக்குப் பக்கத்துல எடம் வேணும்" என்றார்.

பின்வரிசையில் விசிறிகள் நின்றன.

"இன்னைக்கு நான் சரித்திரம் வாசிக்கணும். பையில இருக்கு. அதுல பொய்யா எழுதி வச்சிருக்கேன். உங்க சபையோட சரித்திரம் ஒரு வரிதான். ஒருத்தரு, படி ஏறுறப்ப பொண்டாட்டி கையை விடமாட்டேன்னாரு. நான் நாப்பது வருஷம் வாராவாரம் விட்டேன். இனிமே விட முடியாது. அதுக்கு இந்தச் சபையில பேரு இருக்கணும்னா, எழுதிக்குங்க."

விஸ்டரின் மனைவி மூக்கைச் சிந்தினாள். போதகர், "பிரதர் எல்பர்ட்டைச் சேத்துக்க..." என்று ஆரம்பித்தார்.

"ஒரு நிமிஷம்" என்றார் ஹார்லன். எவ்வளவு உருகினாலும் அவர் டீக்கன் அல்லவா. "அவரு முங்குனது மேல் ஓடையில. அந்த ஞானஸ்நானம் நமக்குச் செல்லுமா?"

"ஏன் செல்லாது?" என்றாள் யூலா, பியானோவிலிருந்து திரும்பாமலே. "அவரு பாவமெல்லாம் அன்னைக்கே நம்ம பக்கம் மிதந்து வந்து சேந்தாச்சு. ஆளு மட்டுந்தான் பாக்கி."

சிரிப்பு எழுந்தது, அது அடங்குவதற்குள் கைகள் எழுந்தன. எல்லாக் கைகளும். ஹார்லனுடையது கடைசி. கையை இறக்கிய சூட்டோடு யூலாவிடம் சாவியை வாங்கிக்கொண்டு அவர் வெளியே நடந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள்: கல்லறை வரிசையில் குனிந்து, கடைசிக் குச்சியைப் பிடுங்கி, சிவப்புத் துணியோடு முழங்காலில் வைத்து ஒடித்தார். சங்கிலியையும் அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

பாப்டிஸ்ட் வழக்கப்படி சபை முழுவதும் வரிசையாக வந்து எல்பர்ட்டின் கையைக் குலுக்கியது. வரிசையின் முடிவில் பிரதர் கிளீட்டஸும் விஸ்டரும் நின்றிருந்தார்கள். எதிர்ப்பக்கம் தனியாக உட்கார்ந்திருக்க முடியாமல் வந்துவிட்டவர்கள். விஸ்டரின் மனைவி அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, இருந்த ஒரே கதவு வழியாக விருந்துக்குப் போனாள்.

எல்லோரும் ஓக் மரத்தடிக்குப் போய்விட்டார்கள். பொரித்த கோழி வாசம் உள்ளே வந்தது. யூலா பியானோவின் மூடியைச் சாத்தினாள். எல்பர்ட் அந்த முதல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். நெஞ்சு லேசாக இருந்தது. இத்தனை வருடத்தில் முதல்தடவையாக விலையை முதலில் சொன்னவர் அவர், ஒன்றும் நஷ்டமாகிவிடவில்லை.

"பேரு எழுதறப்ப," என்றார், "வெர்டி பேருக்குப் பக்கத்துலயே என் பேரையும் எழுதிடு யூலா. எடம் இருந்தா."

யூலா பாட்டுப் புத்தகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். கலைத்தாள். மறுபடியும் அடுக்கினாள்.

"அவளப் பொதைக்கிறப்ப யாரும் கேக்கல," என்றாள் மெதுவாக. "கேக்காதப்ப நானும் வாயத் தொறக்கல. எங்கப்பா பக்கத்துல கெடக்கட்டும்னு விட்டுட்டேன்."

"என்ன கேக்கல?"

"அவ பேரு இங்க எங்க இருக்கு, அத்தான்? அது இன்னும் அவ பொறந்த ஊரு சபையிலதான் கெடக்கு. 'அந்த மனுஷன் ஒரு நாள் லாரிய நிறுத்திட்டு, வா வெர்டின்னு ஒரு வார்த்த கூப்புடுவாரு, அன்னைக்கு எனக்கு இங்க பேரு இருந்தா, அத எடுத்துட்டு ரோட்டத் தாண்ட லேட்டாயிடும்'னு சொல்லிச் சொல்லியே, நாப்பது வருஷமும் இந்தப் பெஞ்சுல விருந்தாளியாத்தான் உக்காந்திருந்தா."